நூலால் அளந்த தூரம்

கொம்பியூட்டரில் இருந்த பழைய புரோகிராமை எனக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. அப்படி ஒரு வெறுப்பு. எண்பதுகளின் நடுப்பகுதி அது, எனக்கு இருபத்து மூன்று வயது. மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போய், ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரேயொரு கொம்பியூட்டருக்கு முன்னால் உட்காருவதுதான் என் வேலை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மத்தியானச் சோறுகூட மறந்துபோகும். மின்விசிறி முனகும், மருந்து வாசனை கதவிடுக்கால் வரும், நான் பாதிக் கனவில் இருப்பேன். வெளியே நடப்பது எதுவும் அந்த அறைக்குள் வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த இயந்திரத்தில் இருந்தது இரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல். ஆஸ்பத்திரியில் இரத்தம் சேமித்து வைக்க வசதியில்லை. யாருக்காவது தேவையென்றால் இரத்த வகையைத் தட்டுவோம், பெயர்கள் வரிசையாக அச்சாகி வரும். சிற்றூழியர் ஒருவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போய், முதற் பெயருக்கு உரியவரைக் கூட்டி வருவார். குருநகர்க்காரர், நல்ல வாய்க்காரர்.

"என்ன தங்கச்சி, உங்கடை பெட்டி இண்டைக்கு ஆரைப் பிடிச்சுக்கொண்டு வரட்டாம்?" என்பார்.

புரோகிராமை எழுதியவர் உடுப்பிட்டிக்காரர். ஒரு விளக்கக் குறிப்புக்கூட வைக்காமல் வெளிநாடு போய்விட்டார், புண்ணியவான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண் இருந்தது. 25, 40, 130 என்று. அதன்படிதான் வரிசை. தூரமாக்கும் என்று பார்த்தால், ஒன்றரை மைலில் இருப்பவருக்கு 130, மூன்று மைலில் இருப்பவருக்கு 40. எனக்குச் சிரிப்பு வந்தது. மனுசன் கண்டபாட்டுக்கு எழுதி வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

எல்லாவற்றையும் புதிதாக எழுதத் தொடங்கினேன். நான்கு மாதம் எடுத்தது. அவ்வளவு இனிமையான நான்கு மாதம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. பழைய நில அளவை வரைபடம் ஒன்றை மேசையில் விரித்து, தையல் நூலை வீதிகளின்மேல் வளைத்து வளைத்து வைத்து, ஒவ்வொரு வீட்டுக்குமான தூரத்தை அளந்தேன். நூல் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும், கேணியடியில் திரும்பும், கடற்கரை வீதியில் நீட்டிக் கிடக்கும். ஒருநாளும் போகாத ஊர்களில் எல்லாம் விரல் நுனியால் நடந்து திரிந்தேன். சில நாள் வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் அந்த வீதிகளிலேயே போய்க்கொண்டிருப்பேன். அந்த வரைபடம் அச்சான காலத்தில் இராணுவ முகாம் இல்லை, சென்றி என்ற காவலரண் இல்லை, மூடிய வீதி என்று ஒன்றும் இல்லை. நான் அதை யோசிக்கவேயில்லை. நூலை யாரும் மறிக்கவில்லை.

என் புரோகிராம் பழையதின் பாதி நீளந்தான். கிட்ட இருப்பவர் முதலில், எட்ட இருப்பவர் கடைசியில். புரோகிராம் பதியும் பிளாப்பித் தட்டு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தபடியால், பழையது இருந்த பிளாப்பியிலேயே புதியதை எழுதினேன். பழையது அழிந்தது. ஒரு மாதமாவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒரே ஆளைச் சொல்கின்றனவா என்று பார்த்திருக்கலாம். வேண்டாத வேலை என்று நினைத்தேன்.

எட்டாம் நாள், பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு இரத்தப் போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். மூன்று பெயர்கள் வந்தன. முதலாமவர் ஒன்றரை மைலில், இரண்டாமவர் மூன்று மைலில். சிற்றூழியர் தாளைப் பார்த்துவிட்டு ஒருமுறை என்னைப் பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். மணி இரண்டு.

அரை மணியில் வந்துவிடுவார் என்று டொக்டருக்குச் சொன்னது நான்தான். பெருமையாகச் சொன்னேன். மூன்று மணியானது. ஆள் போயிருக்கிறார்தானே, இப்போது வந்துவிடுவார் என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பார்த்திருந்தோம். அவளுடைய கணவர் வாசல் படலையடியில் நின்று வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவரை அனுப்புவோம் என்று டொக்டர் சொன்னபோது அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. நான்கு மணிக்கு முன்னமே போய்விட்டாள்.

சிற்றூழியர் ஐந்தரைக்குத் தனியாக வந்தார். சட்டையெல்லாம் புழுதி. சென்றியில் ஆமிக்காரர் பிடித்து வெயிலில் முழங்காலில் இருத்தி வைத்திருந்தார்களாம்.

"றோட்டு பூட்டித்தான் கிடக்கு, தங்கச்சி."

"தெரிஞ்சுகொண்டே ஏன் அண்ணை அதாலை போனனீங்கள்?"

"ரெண்டு வருசமா அது பூட்டு. முகாமைச் சுத்திப் போய் அவரைக் கூட்டிவர நூற்றிமுப்பது நிமிசம் வேணும். ஒவ்வொரு வீட்டுக்கும் நான் ஓடிப் பாத்து நிமிசத்தைச் சொல்லச் சொல்ல, அந்த உடுப்பிட்டித் தம்பி பெட்டியிலை போட்டவர். இண்டைக்கு அவரின்ரை பேர் மேலை வந்திருக்கு. றோட்டைத் திறந்திட்டாங்களாக்கும், உங்களுக்கு அறிவிச்சிருப்பினம் எண்டு நினைச்சன்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அந்தத் தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நான் அழுதேன்.

அடுத்த வாரம் அவரோடு சைக்கிளில் வீடு வீடாகப் போய் நிமிடங்களைத் திரும்பச் சேர்த்தேன். நூலில் நேராகக் கிடந்த வீதிகளில் முள்ளுக்கம்பியும் மண்மூட்டையும் இருந்தன. மூன்றாம் நாள், மூன்று மைலில் இருந்த ஒரு சைக்கிள் கடைக்காரரின் வீட்டுக்குப் போனோம். வீட்டு முற்றத்திலேயே கடை. போய்வர நாற்பது நிமிடம் என்று குறித்துக்கொண்டேன். தேத்தண்ணி தந்தார்.

"போன வியாழன் பிள்ளை பெத்த பொம்பிளை ஒண்டு இரத்தமில்லாமல் செத்துதாமே? என்ன இரத்தம்?"

"ஓ நெகட்டிவ்."

அவர் என் கையிலிருந்த பட்டியலில் தன் பெயரில் விரலை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்டைக்கு நான் முழுநாளும் வீட்டைதான் இருந்தனான், தங்கச்சி."