துரையைக் கண்டால் மடக்கும் குடை

வெயில் காலத்தில் வயதானவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது என் மனைவிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நான் அப்போது தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். மலையில் ஆட்களின் வேலையை மேற்பார்ப்பதும் நாள் முடிவில் கூலிக்காக அவர்கள் பேரைப் பதிவதும் என் உத்தியோகம். அறுபதைத் தாண்டிவிட்டேன். எவ்வளவு தாண்டினேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

அந்த வருஷம் தோட்டத்தை நடத்தப் புது வெள்ளைக்காரத் துரை வந்தார். குதிரையில் இருந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். "கணக்கப்பிள்ளை, நீ கிழவன். இந்த வெயில் முடியட்டும். நின்னா வேலை. விழுந்தா போ" என்றார். வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும். ஊரில் இருந்த வீட்டையோ அண்ணன் தம்பிகள் எப்போதோ பங்கு போட்டு முடித்திருந்தார்கள்.

மனைவி உடனே பொறுப்பேற்றுக்கொண்டாள். காலையில் ஒரு செம்பு நீராகாரம். தலைப்பாகைக்கு அடியில் ஈரத்துணி. "ரொம்ப நேரம் நிக்காதீங்க, ரொம்ப நேரம் உக்காராதீங்க, நடங்க, ஆனா ஓடாதீங்க" என்று வாசல் வரை வந்து சொல்வாள். ஈரத்துணித் தண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டே இருக்கும். துரை ஒருநாள், "ஏன் அழுற?" என்று கேட்டேவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேல் குடை. பதுளைக் கடைத்தெருவில் பாய் ஒருவரிடம் வாங்கியது. எந்தக் காற்றுக்கும் அசையாது என்று அவர் சத்தியம் செய்திருந்தார். குடையில் ஒரே ஒரு சங்கடம்: துரைக்கு முன்னால் அதை விரித்துப் பிடிக்கக் கூடாது. மழை கொட்டினாலும் சரி, மண்டை பிளந்தாலும் சரி, வளைவில் குதிரையின் காது தெரிந்ததும் மடக்கிக் கக்கத்தில் இடுக்கிச் சலாம் போட வேண்டும். நானும் போட்டேன்.

ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. துரை எப்போது வந்தாலும் என் மலையில் வேலை பறந்தது. நான் குடையை மடக்கி நிமிர்வதற்குள் பெண்கள் இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுவார்கள். மற்ற நேரத்தில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. குடைக்கு அடியில் நின்றபடியே கண் அசருகிற வித்தையை நான் கற்று வைத்திருந்தேன். எல்லாம் என் கண்டிப்பு என்று வீட்டில் அளந்தேன். "உங்க கண்டிப்புக்கு நம்ம கோழிகூடக் கூட்டுக்குப் போகாது" என்றாள் மனைவி.

எங்கள் பக்கம் வெயில் உச்சத்தில் இருக்கும் ஆடி மாதத்தில் ஒருநாள். காற்று பேயாட்டம் ஆடியது. வளைவில் குதிரைக் காது தெரிந்தது. குடையை மடக்கப் போனேன், கொக்கி இறுகிக்கொண்டது. அமுக்கினேன், முட்டியில் வைத்து நெருக்கினேன், மிச்சமிருந்த பல்லால் கடித்துப் பார்த்தேன். விரித்தது விரித்தபடி நின்றது. சரி, தேயிலைச் செடிக்குள் ஒளித்துவிடலாம் என்று குனிந்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று குடையைத் தூக்கியது. குடை முன்னால், நான் பின்னால். ஓடாதீங்க என்று சொல்லியிருந்தாளே! ஓடினேன். ஓடிப் போய்த் தண்ணீர் வடியும் கானுக்குள் மல்லாந்து விழுந்தேன். குடை மட்டும் எனக்கு மேலே அழகாக விரிந்து நின்றது.

தலையைத் தூக்கிப் பார்த்தால், மலையில் ஒருத்திகூட வேலை செய்யவில்லை. நிழல் மரத்தடியில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அவர்களை வேலை வாங்க வேண்டிய கங்காணிதான் முதலில் கிடந்தார், குறட்டையோடு.

குளம்புச் சத்தம் கேட்டது. கூட்டத்திலேயே வயதானவள் ஒருத்தி திடுக்கிட்டு எழுந்தாள். குதிரையைப் பார்த்தாள், கானைப் பார்த்தாள். உடனே கூச்சல் போட்டாள்: "ஐயோ, கணக்கப்பிள்ளை ஐயா மயங்கிட்டாரு! ஓடியாங்கடி, காத்து வீசுங்கடி!" அத்தனை பேரும் ஓடிவந்து முந்தானையால் வீசினார்கள். ஒருத்தி ஏற்கெனவே நனைந்திருந்த என் தலையில் தண்ணீரையும் ஊற்றினாள்.

"என்ன இது?" என்றார் துரை.

"வெயிலு தாங்கலீங்க தொர. ஐயாவுக்கு வயசாயிருச்சுங்க" என்றாள் அந்தக் கிழவி.

பாவி மகள்! என் வேலையைத் தின்ன அந்த வார்த்தை போதும். நான் மயங்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், பிறகு இவர்கள் ஏன் படுத்திருந்தார்கள் என்ற கேள்வி வரும். அன்றைக்கு அத்தனை பேருடைய பேரும் வெட்டு. துரையிடமே பொய் சொன்ன இந்தக் கிழவிக்கு வேலையே வெட்டு. வாயை மூடினேன், கண்ணையும் மூடினேன். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஈரத்துணித் தண்ணீரில் அது யாருக்கும் தெரியவில்லை.

துரை குதிரையிலிருந்து குனிந்து எல்லோரையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "வேற தோட்டத்துல ஆளுங்க கணக்கப்பிள்ளைய கான்ல தள்ளும். இங்க காத்து வீசுது. நீ இரு. இனிமே என்னைக் கண்டா குடை மடக்காதே."

வேலையும் பிழைத்தது, குடையை விரித்துப் பிடிக்கவும் உரிமை கிடைத்தது. வீட்டில் அன்று பாயாசம்.

மறுநாள் காலையில் அந்தக் கிழவி என் குடையோடு வந்தாள். கானில் விட்டுவந்ததை எடுத்துப் போய், கம்பி கட்டிச் சரி செய்திருந்தாள்.

"இப்ப நல்லா மடங்குதுங்க. தொர வந்தா பழையபடி மடக்கிருங்க ஐயா."

"அவரே மடக்க வேணாம்னு சொல்லிட்டாரேம்மா."

அவள் தயங்கினாள். "குடை விரிஞ்சிருந்தா தொர பக்கத்துல இல்லைன்னு நாங்க செத்த உக்காருவோம். மடங்கினா எந்திரிச்சிருவோம். இனிமே எதைப் பாத்து உக்கார்றது?"

என் கண்டிப்பின் லட்சணம் அதுதான். கோபத்தில் கத்த வாயெடுத்தேன்.

"எனக்கும் உங்க வயசுதாங்க. எனக்கு ஏது குடை?" என்றாள்.

கத்தவில்லை. அன்று குதிரைக் காது தெரிந்ததும் குடையை மடக்கினேன். "மடக்காதேன்னு சொன்னேன்ல?" என்று துரை கத்தினார். "பழக்கம் விடமாட்டேங்குதுங்க தொர" என்றேன். அந்த வெயில் காலம் முழுக்க அவர் திட்டினார், நான் மடக்கினேன். பிறகு குதிரைக் காது தெரியும் வரைகூடக் காத்திருப்பதில்லை. குளம்புச் சத்தம் கேட்டதுமே மடக்கிவிடுவேன். அவளுக்கு முட்டிவலி, எழுந்து நிற்க நேரம் வேண்டும்.