கசேரை வந்த வழி

“சார், அக்கா போயிட்டா” என்று ஸ்டெல்லா டீச்சரின் தம்பி அழைத்தபோது எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. கட்டுரையைத் தராமலே போய்விட்டாரே!

டீச்சர் இராஜாக்கமங்கலத்துக் கடற்கரைக்காரர். எங்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. நான் அறிவியல், ஆசிரியர்கள் நடத்தும் சிற்றிதழும் என் தலையில். ஒருநாள் டீச்சர் நாற்காலியைக் ‘கசேரை’ என்றதும், மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர் சிரித்துவிட்டார். “இது தமிழா? சேர் என்றாவது சொல்லுங்களேன்.” டீச்சர் விடவில்லை. போர்த்துகீசியரின் ‘காதெய்ரா’ கப்பலேறி வந்து மலையாளத்திலும் நம் வாயிலும் கசேரை ஆனதாம். அதற்கு முன் இலத்தீன், அதற்கும் முன் கிரேக்கம். ஆயரின் இருக்கைக்கு அதே பெயர் என்பதால்தான் அவர் கோவில் ‘கதீட்ரல்’. “பிஷப்பு இருக்கியதும் அதுலதான், நான் மீன் வெட்ட இருக்கியதும் அதுலதான். உங்க சேரும் அதே கிரேக்கக்காரிக்கப் பேத்திதான் சார்!” மதுரைக்காரரே கைதட்டினார்.

“இதை அப்படியே எழுதிக் கொடுங்கள்” என்றேன். அன்று பிடித்தது தலைவலி. காதெய்ராவின் நடுவில் உள்ள ‘தெ’ எப்படிக் கசேரையில் ‘சே’ ஆனது என்று அவருக்குச் சந்தேகம். வளைகுடாவில் இருந்த தம்பி, அரபியில் நாற்காலி ‘குர்சி’ என்று சொல்லிவைக்க, சந்தேகம் முற்றியது. “நடுவுல அரபிக்காரனும் கேறினானான்னு தெரியாண்டாமா சார்?” அடுத்த இதழில் வரும் என்று அறிவித்து அறிவித்து நான் வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெளியூருக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் கசேரை என்று சொல்லிக் கூனிக் குறுகக் கூடாது, அதற்காகவே எழுத வேண்டும் என்பதும் அவர் பேச்சுதான். ஆனால் எழுதமாட்டார்.

அவர் நோயில் விழுந்த பின் மருத்துவமனையிலும் கேட்டேன். “தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதுங்களேன், டீச்சர்.”

மூச்சு வாங்க அதட்டினார்: “அப்பிடி எழுதவா இத்தன நாளு படிச்சேன்? சும்ம கெடங்க சார்.”

அடக்கத்தன்று வாசலில் வாடகை நாற்காலிகளோடு வண்டி வந்து நின்றது. “ஏலே, சேர எறக்குல மக்கா” என்று ஓர் இளைஞன் கூவினான். ஒருவன் வாயிலும் கசேரை இல்லை. என்னை அறியாமல் வீட்டுக்குள் சவப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

போய் வாருங்கள், டீச்சர். உங்கள் கட்டுரையை நானே எழுதிவிட்டேன். நடுவில் நடந்தது தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். முடிந்தால் சண்டைக்கு வாருங்கள்.