நெருப்பின் மேல் ஒரு தாமரைக் குளம்

நாகேஸ்வரிக்குக் கலியாணம் சரிவரவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கலியாணத்துக்குத்தான் நாகேஸ்வரி சரிவரவில்லை என்பது அவளோடு ஒரு வீட்டில் இருந்தவர்களின் கருத்து. நாற்பது தாண்டியும் காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்து வேலை. வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அக்கா அன்னபாக்கியத்தோடும் அத்தான் தில்லைநாதனோடும் ஒரு மாடிப் பிளாற்றில் இருந்தாள். ரயில் போகும்போதெல்லாம் பிளாற் ஒருமுறை நடுங்கும். கொழும்புக் கோட்டையில் அந்தப் பெரிய குண்டு வெடித்த பிறகு, அத்தான் அதைவிட அடிக்கடி நடுங்கினார்.

தில்லைநாதன் சுங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கவிஞரானவர். மற்றவர்களுக்குச் சலரோகம் வருகிற வயதில் இவருக்குக் கவிதை வந்ததே என்று அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். புராணப் பெண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் எல்லாப் பெண்களும் அழுதார்கள். அகலிகை கல்லாக இருந்தபோதும் விடாமல் அழுதாள். கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா. மேடையின் இருபக்கமும் பெண்களின் பெரிய ஓவியங்கள் வேண்டும். வெளியில் ஓவியரைத் தேடுவானேன், வீட்டில் மச்சாள் இருக்கிறாளே.

நாகேஸ்வரி சனி ஞாயிறுகளில் பல்கனியில் பழைய பெட்சீற்றை விரித்துப்போட்டு எண்ணெய் வர்ணத்தில் வரைகிறவள். கவிதைகளை மரியாதைக்கு ஒருமுறை வாசித்தாள். பெண்களை எடுத்துக்கொண்டு கண்ணீரை அத்தானிடமே விட்டுவிட்டாள். முகங்களுக்கு அவள் தூரப் போகவில்லை. எதிர் லொட்ஜில் கனடா விசாவுக்குக் காத்திருந்து கல்லாகிக்கொண்டிருந்த ஒருத்தி அகலிகையானாள். பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நின்று, தான் இன்னாள்தான் என்று மாதாமாதம் நிரூபித்துக்கொண்டிருந்த கீழ்வீட்டுப் பெண் சீதை. காலி வீதியில் சீலைக்கடை வைத்திருந்த ஷிப்லியின் மனைவி றஸ்மியா, வாங்காத சனத்துக்கும் சலிக்காமல் சீலை சீலையாக இழுத்துப் போடுவாள். அவளை விட்டால் திரௌபதிக்கு வேறு ஆளில்லை. ஆருக்கும் சொல்லக்கூடாது என்று றஸ்மியா சத்தியம் வாங்கிவிட்டு, மூக்கைக் கொஞ்சம் ஒடுக்கித் தரும்படி கேட்டாள்.

கண்ணகிதான் பெரிய படம். அதற்கு அன்னபாக்கியத்தின் முகம். காஸ்காரன் நிறை குறைந்த சிலிண்டரோடு வந்த அன்று, குளித்த தலை காயாமல் வாசலில் நின்று அக்கா கேட்ட கேள்விகளை எந்தப் பாண்டியனும் தாங்கியிருக்கமாட்டான். அந்த முகம் அப்படியே வந்துவிட்டது. மார்பு விசயத்தில் நாகேஸ்வரி தானாகவே விட்டுக்கொடுத்து, தலைமயிரை அந்தப் பக்கம் இறக்கிவிட்டிருந்தாள். கையில் சிலம்பு. பின்னால் ஊர் எரிந்தது. அவள் மதுரையைக் கண்டதில்லை. எரிகிற மாடங்கள் வெள்ளவத்தைச் சந்தைக் கட்டடத்தின் சாயலில் அமைந்துவிட்டன.

தில்லைநாதன் படத்தைப் பார்த்ததும் முதலில் பல்கனிக் கதவைச் சாத்தினார். படத்தில் நிற்பது தன்னுடைய மனைவி என்பது அவருக்குப் படவில்லை. நெருப்புத்தான் பட்டது.

"பிள்ளை, ரெண்டு தமிழ்ப் பொம்பிளையள் சேர்ந்து நிண்டாலே ஐடென்ரிக் காட் கேக்கிறாங்கள். நீ ஒருத்தியை விட்டு ஊரையே கொளுத்தியிருக்கிறாய். உந்த நெருப்பை எடு."

"நெருப்பை எடுத்தால் மிச்சம் என்ன, அத்தான்?"

"ஒரு குளம் போடு. தாமரைக் குளம்."

நாகேஸ்வரி இரண்டு நாள் தூரிகையைத் தொடவில்லை. மற்ற எல்லாவற்றையும் அவர் தூக்கிக்கொண்டு போயிருந்தால் சிரித்துக்கொண்டு கொடுத்திருப்பாள். வாழ்க்கையில் தன் விருப்பத்துக்கு முழுதாகச் செய்து முடித்தது இந்த ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மண்டபம் அவருடையது, விழா அவருடையது, பயமும் பொய்யான பயம் இல்லை. எண்ணெய் வர்ணம் விழாவுக்குள் காயாது என்று சாட்டுச் சொல்லி, தண்ணீர் பட்டால் கரையும் போஸ்டர் கலரில் சொட்டுச் சவர்க்காரம் கலந்து, நெருப்புக்கு மேலே குளத்தைப் பூசினாள். நெருப்பு அடியில் பத்திரமாகக் கிடந்தது. அத்தானுக்குக் குளம் மிகவும் பிடித்துப்போனது. கண்ணகியின் கண்ணீர் பெருகிக் குளமாகி அதில் தாமரை பூத்ததாகப் புதிதாக எட்டு வரி எழுதி, நூல் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் விழாவில் வாசிக்கவென்று தனித்தாளில் வைத்துக்கொண்டார்.

விழாவன்று தில்லைநாதனும் அக்காவும் நூல்களோடு முதலே போய்விட்டார்கள். ஷிப்லியின் வான் வண்டியில் பெட்சீற் சுற்றிய படங்களோடு நாகேஸ்வரி பின்னால் போனாள். கொழும்பில் அப்போது சோதனைச் சாவடி இல்லாத தெருவில் போகிறவர்கள் வழி தவறியவர்கள். கொட்டாஞ்சேனையை நெருங்கும்போது வானை மறித்தார்கள்.

இளம் சிப்பாய் ஒருவன் பெட்சீற்றை இழுத்தான். அகலிகையைப் பார்த்தான், திரௌபதியைப் பார்த்தான், கொட்டாவி விட்டான். கண்ணகியிடம் வந்ததும் நின்றான். தலைவிரிகோலம், கையில் சிலம்பு, காஸ்காரனைப் பார்த்த அதே பார்வை. ஷிப்லி ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி ஓதத் தொடங்கிவிட்டான்.

"மே பத்தினி மெனியோ நேத, அக்கே?"

இது பத்தினித் தாய்தானே என்று கேட்கிறான். நாங்கள் கண்ணகி என்பவளைச் சிங்களச் சனம் பத்தினி என்று கும்பிடும். நாகேஸ்வரிக்கு இது தெரியாத சங்கதியல்ல. அந்த நேரத்தில் மறந்துபோய்விட்டது. தலையை மட்டும் ஆட்டினாள். சிப்பாய் தொப்பியைக் கழற்றினான். சின்ன வயதில் தனக்கு அம்மை போட்டபோது அம்மா இந்தத் தாய்க்கு நேர்ந்துதான் தான் பிழைத்ததாகச் சொன்னான். பிறகு படத்தை இன்னொருமுறை மேலும் கீழும் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"கின்தர கோ?"

நெருப்பு எங்கே என்றான். ஊரை எரித்த தாய்க்குப் பின்னால் குளம் என்னத்துக்கு, பார்க்க யாரோ குளிக்க வந்த மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டான். நாகேஸ்வரி கந்தோர்ச் சிங்களத்தில் உள்ளதைச் சொன்னாள்: நெருப்பு அடியில் இருக்கிறது. சொன்ன பிறகுதான், எரிகிற ஊர் ஒன்றை ஒளித்துக் கொண்டுபோகிறேன் என்று ஆமிக்கே வாக்குமூலம் கொடுத்திருப்பது விளங்கியது. அவன் காட்டச் சொன்னான். சீலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து ஒரு தாமரையைத் துடைத்தாள். செம்மஞ்சளாக ஒரு சுவாலை தெரிந்தது. அவன் திருப்தியோடு தலையாட்டி, மற்றதையும் துடைத்துவிடும்படி சொல்லி வானைப் போகவிட்டான். ஐடென்ரிக் காட்டைக் கேட்க மறந்தேபோனான்.

மண்டபத்தின் பின்பக்கத்துக் குழாயடியில் நாகேஸ்வரி பெட்சீற்றை நனைத்தாள். குளம் கரைந்து பச்சைத் தண்ணீராகக் கழிவுக் கானில் ஓடியது. மேடையில் படத்தைக் கொழுவியபோது தில்லைநாதன் ஓடிவந்தார்.

"ஆர் உனக்கு உந்தக் குளத்தைத் துடைக்கச் சொன்னது?"

"ஆமி, அத்தான்."

படத்தைக் கழற்ற நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். ஆமி சொன்னதை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை.

விழா தொடங்கியது. தில்லைநாதன் ஒலிவாங்கியில் ஒவ்வொரு பெண்ணாக அழவைத்துக்கொண்டு வந்தார். சனம் கண்ணகியையே பார்த்துக்கொண்டிருந்தது. குளம் பூத்த எட்டு வரியும் எழுதிய தாளை எடுத்தவர் ஒருமுறை திரும்பிப் படத்தைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார். மறுபடி படத்தை. அன்றைக்குத்தான் அவருக்குப் பட்டது. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி இறங்கினார்.

அன்னபாக்கியமும் அதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். தங்கச்சியின் பக்கம் சரிந்தாள்.

"உது நானெல்லே? காஸ்காரன் வந்த அண்டைக்கு?"

"ஓம், அக்கா."

அக்கா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு எரிகிற சந்தைக் கட்டடத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"உந்த நெருப்புக் காணாது," என்றாள்.