தொட்டிச் சுவரில் எழுதிய வாடகை

என்னுடைய தகரப் பெட்டியில் ஒரு நீல சாக்பீஸ் இருக்கிறது. துணியில் அளவு குறிக்க டெய்லர்கள் வைத்திருப்பார்களே, அந்தத் தட்டை சாக்பீஸ். பாதி தேய்ந்துவிட்டது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் எனக்கு அது டப்பா டப்பாவாகக் கிடைக்கும். ஆனால் பெட்டியில் இருப்பது என்னுடையது அல்ல. முன்பு குடியிருந்த லைன் வீடுகளைக் கவனித்துக்கொண்ட செயலாளருடையது. அவரிடம் கேட்காமல் எடுத்து வந்தேன்.

மங்கலம் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பன்னிரண்டு ஓட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. பனியன் தொழிலில் கொஞ்சம் வசதியாக இருந்த நாலைந்து பேர் சேர்ந்து டிரஸ்ட் வைத்து, லாபம் வேண்டாம் என்று தொழிலாளிகளுக்காகக் கட்டியவை. அட்வான்ஸ் கிடையாது. வருகிற வாடகை அந்த வீடுகளின் ஓட்டுக்கும் சுவருக்கும் தண்ணீருக்குமே செலவாகும். வெளியே வீட்டுக்காரர்கள் நினைத்த மாதமெல்லாம் வாடகையை ஏற்றிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்யாணமான புதிதில் எங்களுக்கு அங்கே இடம் கிடைத்ததை, சேவூரில் இருந்த தன் அம்மாவிடம் என் மனைவி லாட்டரி விழுந்தது போலச் சொன்னாள்.

டிரஸ்டின் செயலாளர், வெட்டி மிஞ்சும் துணியை, கட்டிங் வேஸ்டை, வாங்கி விற்கும் வியாபாரி. எங்களுக்கெல்லாம் அவர் பாய்தான். பொங்கல் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்து சைக்கிளில் வருவார். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அந்த வருடத்து வாடகையை நீல சாக்பீஸால் எழுதிவிட்டு, சாக்பீஸை அங்கேயே ஒரு மாடக்குழியில் வைத்துவிடுவார். எழுதியது அடுத்த வெள்ளி வரை இருக்கும். ஏற்றம் தாங்காது என்கிறவர்கள் அதற்குள் அழித்துவிடலாம். ஒருவர் அழித்தாலும் அந்த வருடம் எல்லோருக்கும் பழைய வாடகைதான். அழித்தது யார் என்று அவர் கேட்கமாட்டார். “முடியாதுன்னு நாலு பேரு முன்னால வாய் விட்டுச் சொல்றது கஷ்டமுங்க. கையால அழிக்கறதுக்கு மானம் போகாது” என்பார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என்னை மனதில் வைத்துத்தான் அவர் அந்த வழக்கத்தை வைத்தாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

பக்கத்து வீட்டில் மூலனூர் அக்கா இருந்தாள். படுக்கையில் கிடந்த புருஷனை வைத்துக்கொண்டு, கம்பெனியில் பனியனின் பிசிறு நூல் வெட்டிப் பிழைத்தாள். கத்தரி அவள் கையில் மீன்கொத்தி போல வேலை செய்யும். வாய் அதைவிட வேகம். “ஏனுங்க பாய், மழ பேஞ்சா ஊட்டுக்கு வெளிய போயி நின்னாத்தான் நனையாம இருக்கோம். இதுக்கு வாடக நீங்கதான் எங்களுக்குத் தரோணும்” என்பாள். பாய் சிரித்து, “தர்றேன் அம்மணி, மொதல்ல ஓடு மாத்திக்கறேன்” என்பார்.

அந்த வருடம் அவர் எழுதிய தொகை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. எழுதிவிட்டு அவர் உடனே போகவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். “சாயப்பட்டறைத் தண்ணி பின்னால ஓடி ஓடிச் செவுரு ஊறிப் போச்சுங்க. இந்தவாட்டி ஏத்தறது செவுத்துக்குத்தான். நெசமாவே முடியாதவங்க மட்டும் அழிங்க.”

எனக்கு முடியும். ஓவர்டைம் நிறைய வந்துகொண்டிருந்த காலம். ஆனால் நான் தவணையில் ஒரு கலர் டிவி எடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலை தண்ணீர் பிடிக்கப் போனபோது தொட்டியடியில் யாரும் இல்லை. ஈரக் கையால் ஒரே இழுப்பு. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பாய் வந்து, சுவரில் இருந்த நீலத் தீற்றலை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்கு வாங்கிச் சைக்கிளில் கட்டியிருந்த அரிசிப் பையை அவிழ்த்து, மூலனூர் அக்கா வாசலில் கொண்டுபோய் வைத்தார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நான் அழிக்கலீங்க பாய். வேணும்னா உங்க மூஞ்சிக்கு நேரா கேப்பேன். எனக்கென்ன பயமா? எடுத்துட்டுப் போங்க இத.”

“நான் கேக்கலையே அம்மணி. ஊட்டுல முடியாதவர் இருக்கார், வெச்சுக்கங்க.”

“தம்பி, நீ சொல்லு! என்னைப் பாத்தா ஒளிஞ்சு அழிக்கறவளாட்டவா இருக்குது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. “இவன் ஒருத்தன், வாய்ல கொழுக்கட்ட” என்று சொல்லிவிட்டு, பையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. நான்காம் நாள் மதியம் மூலனூர் அக்கா வீட்டுப் பின்சுவர் சரிந்தது. புருஷனை இழுத்து முன்னால் தள்ளியவளின் வலது கை செங்கலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல்கள் போயின. டிரஸ்ட்காரர்கள் காரில் வந்து பார்த்தார்கள். “வாடக ஏத்தக்கூடத் தெரியாத ஆளெல்லாம் செகரட்டரி” என்று அத்தனை குடித்தனங்கள் முன்னால் ஒருவர் சொன்னார். பாய் தொட்டிச் சுவரைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்காவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாதக் கடைசியில் வீடுகளைப் பூட்டினார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது மாடக்குழியிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டேன். பாயிடம் கொடுத்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். கொடுக்கப் போவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

அக்கா சொந்த ஊருக்கே திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, போன வருடம் மூலனூருக்குப் போனேன். சாக்பீஸை ஒரு தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். முருங்கைக்காய்ச் சந்தையில் அவள் காய்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். சணலை ஒரு முனையில் பல்லால் கடித்துப் பிடித்து, இடது கையால் சுற்றினாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சணலைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

“பக்கத்தூட்டுத் தம்பிதான? கொழுக்கட்டைய முழுங்கிட்டியா, இன்னும் வாய்லதான் வெச்சிருக்கறயா?”

சட்டைப்பையில் கை வைத்தேன். ஒரு கட்டு முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டேன். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லி இரண்டு கட்டு கொடுத்தாள்.

இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்காரர் ஒவ்வொரு தை மாதமும் போனில் வாடகையை ஏற்றிச் சொல்வார். சரிங்க என்பேன். மூலனூருக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையை என் மனைவி துவைத்துவிட்டாள். பையில் படிந்திருந்த நீலம் ஒரே அலசலில் போய்விட்டது என்றாள். அந்த சாக்பீஸ் அப்படித்தான். ஈரம் பட்டால் போதும், போய்விடும். சாக்பீஸை மறுபடியும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.