தலைவருக்கு ஒரு தம்ளர் சுடுதண்ணி

காலை ஏழு மணி. டயகமக் கடைத்தெருவில் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. நுஸ்கி முதலாளியின் கடைவாசலில் நின்று ஐஸ்கட்டி கடித்துக்கொண்டிருந்தார் ஆண்டியப்பன். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் மப்ளர், உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், வாயில் ஐஸ். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கடக்முடக்கென்ற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுல என்னங்க ருசி, தலைவரே?" என்று கேட்டேன்.

"ருசியெல்லாம் இல்லீங்க சேர். பல்லு கேக்குது."

அவருக்கென்றே ஒரு டின்னில் தண்ணீர் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார் நுஸ்கி. "டின்னத் தொட்டா எனக்குக் கை வெறைக்குது. மனுசன் அத மென்டு திங்கிறாரு" என்று என்னிடம் முறையிட்டார். தலைவர் அதைக் காதில் வாங்காமல் அடுத்த கட்டியை எடுத்தார்.

ஆண்டியப்பன் எங்கள் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஐந்து வருடத்துக்கு முன்பு அவருடைய எடை நூற்று இருபத்தெட்டுக் கிலோ. அதைத் தோட்டம் தன் பலமாகவே நினைத்திருந்தது. பேச்சுவார்த்தைக்குப் போனால் தோட்ட நிர்வாகியான பெரிய தொரையின் அறை வாசலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கோரிக்கை முடியாமல் தொரை கழிவறைக்குக்கூடப் போக முடியாது. அப்படி ஒரு நாள், "இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க!" என்று மேசையில் ஓங்கித் தட்டிய நேரம் பார்த்து பிளாஸ்டிக் நாற்காலியின் நாலு காலும் நாலு பக்கம் விரிந்தன. தொரை சிரித்துவிட்டார். கூடப் போன கமிட்டிக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள்.

"மறுநாள் பெரட்டுல எவனும் சம்பளத்தப் பத்திப் பேசலீங்க. நாக்காலியப் பத்தித்தான் பேசுனான்" என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தப் பெரட்டை நினைத்து இன்றைக்கும் வருத்தப்படுவார். சர்க்கரை வியாதியும் முழங்கால் வலியும் பல வருடமாகச் சொல்லிவந்ததை அந்த நாற்காலி ஒரே நாளில் சொல்லி முடித்தது. கட்டாரில் வேலை செய்யும் மகன் கஜேந்திரன் ஏற்பாடு செய்ய, கொழும்பில் ஒபரேஷன் நடந்தது.

"வயித்தக் கோழிமுட்டை அளவுக்குச் சுருக்கிட்டாங்க சேர். கொடல வேற குறுக்கால இழுத்து மாட்டிட்டாங்க. டயகம பஸ்ஸு அக்கரப்பத்தனைக்குள்ள போகாம நேரா ஹட்டன் போனா எப்புடி, அப்புடி."

ஒன்றரை வருடத்தில் அறுபத்தெட்டுக் கிலோவுக்கு வந்தார். சர்க்கரை ஓடிப்போயிற்று. மிச்சமிருந்த தோலை அகலப் பெல்ட்டுக்குள் மடித்துக் கட்டிக்கொண்டு கம்பீரமாகத்தான் நடந்தார். ஆனால் தோட்டத்தாரிடம் 'சின்ன ஒபரேஷன்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முட்டையளவு வயிற்றை வைத்துக்கொண்டு கம்பனியோடு மோத முடியுமா என்று எவனாவது கேட்டுவிடுவானாம்.

அந்த ரகசியம்தான் வினையாகிப் போனது. கல்யாணம், சடங்கு, கருமாதி எதுவாக இருந்தாலும் தலைவர் கை நனைக்க வேண்டும். மேல் லயத்து வீட்டு வரிசையில் ஐந்து வாய் சாப்பிட்டுவிட்டுக் கீழ் லயத்தில் நாலு வாயோடு எழுந்தால் அது அரசியல். ஆகவே எல்லா வீட்டிலும் சரியாக நாலு வாய் என்று வைத்துக்கொண்டார். ஒரு வாயை முப்பது தடவை மெல்லுவார். பந்தியே எழுந்துபோய்க் கை கழுவி வெற்றிலை போட்டு முடித்த பிறகும் இவர் இரண்டாம் வாயில் இருப்பார். பரிமாறுகிறவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பந்தியை அவரைச் சுற்றி உட்கார வைத்துவிடுவார்கள்.

வீரய்யா மகளின் சடங்கில்தான் குட்டு உடையப் பார்த்தது. வீரய்யா எதிர்ச் சங்கத்துக்காரர். அவர் வீட்டில் பாயாசத்தை மறுக்க முடியுமா? தலைவர் ஒரு கோப்பையை முழுசாகக் குடித்துவிட்டார். இந்த ஒபரேஷன் செய்தவர்களுக்குச் சீனி ஆகாது. இரைப்பையில் தங்காமல் நேரே குடலுக்குள் பாய்ந்துவிடும். பத்து நிமிடத்தில் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது, நெஞ்சு படபடத்தது. பக்கத்தில் கிடந்த நாற்காலியில் போய்ச் சாய்ந்துவிட்டார். அது பிள்ளைக்கென்று பூ வைத்து அலங்கரித்திருந்த நாற்காலி. போட்டோக்காரர் படமும் எடுத்துவிட்டார். 'வீரய்யா வீட்ல தலைவருக்கு என்னமோ கலந்து குடுத்துட்டாங்க' என்று பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கப் பேச்சு. தலைவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வீரய்யாவின் மனைவி அம்மாக்கண்ணு அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதே கிடையாது.

தேத்தண்ணி மட்டும் அவருக்கு எந்தத் தொந்தரவும் தரவில்லை. பாலில்லாத சாயத்தண்ணியைக் கையில் வாங்கி, மறு உள்ளங்கையில் துளிச் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நக்குகிற மாதிரி நக்கினால் சீனி உள்ளே போகவேண்டிய அவசியமே இல்லை. சோற்றில் விட்ட மரியாதையைத் தேத்தண்ணியில் பிடித்தார் தலைவர். எந்த வீட்டுப் படி ஏறினாலும் ஒரு தம்ளர்.

நாலாவது வருடத்தில் அவருக்குத் தோட்டத்து வடிகால் கான்கள் மீது திடீரென்று அக்கறை வந்தது. மேட்டில் ஏறும்போது இருபதடிக்கு ஒருமுறை நின்று, இடுப்பில் கையை வைத்து, ரோட்டோரக் கானை உற்றுப் பார்ப்பார். போன வருடம் அம்மன் தேருக்கு முன்னால் மேற்பிரிவுக் கோயிலுக்கு ஏறியபோது பதினோரு இடத்தில் தேரை நிறுத்திக் கான் பார்த்தார். தலைவர் ஏதோ பெட்டிசம் எழுதப்போகிறார் என்று பயந்த தோட்ட நிர்வாகம், அந்த மாதமே எல்லாக் கான்களையும் வெட்டித் துப்புரவாக்கியது. அவருக்கு மூச்சு வாங்குகிறது என்பது அவர் மனைவி மீனம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வருடம் ஐஸ் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் மீனம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "சேர், நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க கூட வாங்க, ஆசுபத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போவோம்." மூன்று பேருமாகப் போனோம்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். தலைவரின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. நகங்களும் வெளுத்துக் கிடந்தன. இத்தனை நாள் இந்த மனிதரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேனே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"ஐஸ் சாப்பிட ஆசையா?" என்று கேட்டார் டொக்டர்.

தலைவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று தலையாட்டினேன். டொக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"ரத்தம் ஏழு. பதிமூணு வேணும். இரும்புச் சத்து இல்ல, அதான் ஐஸ் கேக்குது. இந்த ஒபரேஷனுக்குப் பிறகு அப்பிடி வரும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் பாக்கச் சொன்னது தானே?"

"நல்லாத்தானே இருக்கேன்னு வுட்டுட்டேங்க நோனா. மூணு வருசமாச்சு."

"மாத்திரை?"

"அத ஒரு நாள் வுட்டதில்லைங்க!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் தலைவர்.

"எதோட குடிக்கிறது?"

"தேத்தண்ணியோடதாங்க."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அனே!" என்று சிங்களத்தில் ஐயோ போட்டார். தேத்தண்ணிச் சாயம் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார். குடல் குறுக்கே போகிறவருக்கு ஏற்கனவே சேருவது கொஞ்சம். அதையும் நாலு வருடமாகத் தேத்தண்ணி தடுத்திருக்கிறது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டுமாம்.

"எந்த நேரம் தேத்தண்ணி குடிக்கிறதில்ல? அந்த நேரம் மாத்திரை குடிங்க."

தலைவர் நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தார். "தூங்கும்போதுங்க" என்றார்.

"அப்ப ரெண்டு மாசம் தேத்தண்ணியே வேணாம். சுடுதண்ணி மட்டும். ரத்தம் பத்துக்கு வரணும். வரல்லன்னா வார்ட்ல நிப்பாட்டி மருந்து ஏத்தணும். மலை ஏற விடமாட்டேன். இதயம் தாங்காது."

இரண்டு மாதத்தில் தேர். தலைவர் முன்னால் நடக்காவிட்டால் வீரய்யா நடப்பார். வெளியே வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். மீனம்மாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "தேரு கெடக்கட்டும்! எனக்கு நீங்க இருக்கணும்" என்று ரோட்டிலேயே சத்தம் போட்டார். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகு தலைவர் என் காதருகே குனிந்தார்.

"மே தினத்துக்கு மே தினம் மேடையில ஏறி, தேயில நம்ம ரத்தத்தக் குடிக்குதுன்னு இருவது வருசமாக் கத்துறேன் சேர். டொக்டர் நோனா இப்ப கண்டுபுடிச்சிருக்காங்க."

சிக்கல் என்னவென்றால், எங்கள் தோட்டத்தில் சுடுதண்ணி நோயாளிக்குத்தான் கொடுப்பார்கள். தலைவர் ஒரு வீட்டில் தேத்தண்ணியைத் தொடாவிட்டால் அந்த வீட்டைத் தள்ளிவைத்துவிட்டார் என்று அர்த்தம். எல்லா வீட்டிலும் தொடாவிட்டாலோ, தேயிலைத் தோட்டத்துத் தலைவருக்குத் தேயிலையே ஆகாதாம் என்று வீரய்யா கூட்டம் போட்டுப் பேசுவார். ஆகவே தலைவர் காய்ச்சல் என்று சொல்லி ஒரு கிழமை போர்வைக்குள் கிடந்தார். எட்டாம் நாள் கீழ் லயத்தில் கூரைத் தகரம் காற்றோடு போய்விட்டது. தகரம் போனது வீரய்யாவின் வீட்டில்.

"ஒளிஞ்சு கெடந்தா தலைவரா?" என்று மீனம்மா போர்வையை உருவினார்.

நானும் கூடப் போனேன். கீழ் லயமே வாசலில் கூடி நின்றது. தலைவர் கூரையைப் பார்த்தார், நீளம் அளந்தார், தொரையிடம் கேட்கவேண்டியதைக் குறித்துக்கொண்டார். வேலை முடிந்தது. வீரய்யா வாங்குப் பலகையைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க தலைவரே, தேத்தண்ணி வருது" என்றார். 'பார்க்கலாம், குடிக்கிறாயா' என்பதுபோல் இருந்தது அந்தக் குரல். ஜனம் பேச்சை நிறுத்தியது.

தலைவர் உட்காரவில்லை. உள்ளே மழைத்தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அடுப்படி வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அம்மாக்கண்ணு தேயிலையை அள்ளிய கரண்டியோடு திரும்பினார்.

"தங்கச்சி," என்றார் தலைவர். குரல் தணிந்திருந்தது. "அன்னைக்கு ஒங்க பாயாசத்துல ஒரு கொறையும் இல்ல. கொற என் வயித்துல. வெட்டிச் சுருக்கிட்டாங்க, இனிப்பு தாங்காது. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஒங்க மேல பழியப் போட வுட்டுட்டேன். மன்னிச்சிருங்க. இப்ப ரத்தமும் வத்திப்போச்சு. தேத்தண்ணி குடிச்சா நான் எந்திரிக்க மாட்டேன்னு டொக்டர் சொல்றாங்க."

அம்மாக்கண்ணு அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு சடங்கு வீட்டின் மானம் முழுக்க இருந்தது. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கரண்டியிலிருந்த தேயிலையைத் திரும்ப டின்னில் கொட்டினார். சில்வர் தம்ளர் நிறையச் சுடுதண்ணியை ஊற்றினார்.

"தலைவருக்குத் தேத்தண்ணி ஊத்தியாச்சு! போய் உக்காரச் சொல்லுங்க!" என்று வாசலுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

தலைவர் போய் வாங்கில் உட்கார்ந்தார். அம்மாக்கண்ணு தம்ளரைக் கொடுத்துவிட்டு, சீனி டப்பாவுக்குள் கரண்டியை விட்டு எடுத்து அவர் உள்ளங்கையில் கவிழ்த்தார். கரண்டியில் ஒன்றுமே இல்லை. "போதுங்களா, தலைவரே?"

தலைவர் காய்ச்சலுக்குப் போடுகிற மாதிரி மாத்திரையை வாயில் போட்டார். தம்ளரை ஊதி, கீழ் லயத்துக் கடைசி வீடுவரை கேட்கும்படி ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். வெறும் உள்ளங்கையை ஒரு நக்கு நக்கினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு நக்கு. வீரய்யாவின் முகம் தெளிய, ஜனம் மறுபடி பேசத் தொடங்கியது. பாதித் தம்ளர் முடிந்ததும் தலைவர் அடுப்படிப் பக்கம் கையை நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் சீனி, தங்கச்சி."