உப்பும் தூளும் போட்ட தோடம்பழம்

நேற்று டூங்கபிப் புறநகர்க் கடையில் ஆரோ ஆரஞ்சுத் தோடம்பழம் உரித்த மணத்தோடு, இப்போது அடுக்குமாடிகள் நிற்கிற அண்ணாவின் கொலிஜ் மைதானத்தின் ஈரப்புல்லும், சப்பாத்தில் அப்பிய சேறும், மழையில் ஊறிய கம்பளிச் சட்டைகளின் வாடையும் ஒன்றாய் எழும்பி வந்தன.

எழுபதுகள். எனக்கு எட்டு வயது, இந்த நாட்டுக்கு வந்த புதிது. அண்ணா கொலிஜ் உதைபந்தாட்ட அணியில் சேர்ந்த முதல் சீசன். சனிக்கிழமை தவறாமல் அணி தோற்றது, அண்ணா ஓடிக்கொண்டே இருந்தார், ஒருத்தரும் அவருக்குப் பந்து கொடுக்கவில்லை.

இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டு வருவது தாய்மாரின் முறை. எங்கள் முறை வந்தபோது அம்மா, வீட்டில் செய்வதுபோலவே, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொண்டுவந்தார். கடித்த வெள்ளைக்காரப் பெடியள் துள்ளினார்கள், இருமினார்கள். அண்ணா தலையைக் குனிந்துகொண்டார்.

"உப்புத்தூள் இல்லாமல் ஆர் தின்னுவினம்?" என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தார்.

செம்பட்டைத்தலைக் கப்டன் கண்ணைத் துடைத்து, விரலை நக்கி, இன்னொரு துண்டை எடுத்தான். "இதைத் தின்றுதான் இப்படி ஓடுகிறாயா?" என்று அண்ணாவைக் கேட்டான்.

அன்றும் தோற்றோம். ஆனால் இரண்டாம் பாதி முழுக்கப் பந்து அண்ணாவின் காலுக்கு வந்துகொண்டே இருந்தது. அடுத்த வாரம் முறைப்பட்டியலைப் பார்த்தால், சீசன் முடியும்வரை ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் நேரே அம்மாவின் பெயரே எழுதியிருந்தது.