பாடகியின் நெற்றிப் பொட்டு

வகுப்பில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆயம்மா முனியம்மா வாசலில் வந்து நின்று, "டீச்சர், நம்ம பாட்டு டீச்சர் தவறிட்டாங்களாம். கடைத்தெருவுல பேசிகினு கீறாங்க" என்றாள். பதிவேட்டை மூடி வைத்தேன். நம் பள்ளியில் பயமே அறியாதவர் என்று நான் நம்பியிருந்தது சரோஜா டீச்சர் ஒருவரைத்தான்.

அவரிடம் பாட்டுப் படித்த உங்களுக்குக் கூடத்துப் படம் மறந்திருக்காது. பள்ளியாவதற்கு முன்பு அந்தக் கட்டடம் ஜமீன் பங்களா. அங்கே பாடிய ஒரு பெண்ணை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ தைல வண்ணத்தில் தீட்டிய படம் அது. மடியில் தம்புரா, கழுத்து நிறைய நகை, நெற்றி மட்டும் வெறிச்சென்று இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கண்கள் கூடவே வரும். அவளைப் பார்த்துப் பாடினால் தொண்டை கட்டிவிடும் என்று பிள்ளைகள் நடுங்குவார்கள். பிள்ளைகள் என்ன, நானே தலை குனிந்துதான் கூடத்தைக் கடப்பேன். சரோஜா டீச்சரோ அதன் கீழேயே வகுப்பு நடத்துவார். "அவங்களும் பாட்டுக்காரி, நானும் பாட்டுக்காரி. என்னா பண்ணிடுவாங்க?" என்பார்.

எழுபதுகளில் ஓர் ஆயுத பூஜை. எல்லாப் படங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த முனியம்மா, அதன் கிட்டே மட்டும் போகமாட்டேன் என்றாள். கணவர் போன நாளிலிருந்து குங்குமத்தைத் தொடாத டீச்சர் கிண்ணத்தை வாங்கினார். ஸ்டூலில் ஏறி அழுத்தி வைத்துவிட்டார். மற்ற படங்களைப் போல இதற்கும் கண்ணாடி இருக்கும் என்ற நினைப்பு. கண்ணாடி இல்லை. சிவப்பு நேராக நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டது.

படம் தாளாளர் வீட்டுச் சொத்து. பூஜைக்கு வந்தவர் பார்த்துவிட்டார். "எவ வெச்சது? இன்னியோட சீட்டக் கிழிச்சிடுவேன்!" டீச்சர் வீட்டில் இரண்டு பெண்கள். அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

"நான்தாங்க" என்றார் டீச்சர். அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். "அழின்னு சொல்லுங்க, இப்பவே அழிச்சிடறேன்."

நல்ல நாளும் அதுவுமாக ஒரு பெண்ணின் பொட்டை அழி என்று எந்த வாய் சொல்லும்? தாளாளர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்கள் அவரையும் விடவில்லை போலும். "இருந்துட்டுப் போவுது" என்று முனகிக்கொண்டே வெளியேறினார்.

டீச்சர் என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை சில்லிட்டிருந்தது. "பயந்துகினே செய்யலாம் டீச்சர், ஒண்ணும் ஆவாது" என்றார்.

தவறிய சேதி வந்த அன்று மாலை, டீச்சரை அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் திருநீறு மட்டும். சுற்றிலும் உறவுக்காரப் பெண்கள். என் கைப்பையில் குங்குமச் சிமிழ் இருந்தது. அதைத் திறந்தேன். பயந்துகொண்டேதான் அவர் நெற்றியில் பொட்டு வைத்தேன்.

"இன்னாம்மா, இன்னா வேல இது?" என்று ஒரு குரல் அதட்டியது.

"அழிக்கணும்னா நீங்களே அழிச்சிக்குங்க" என்றேன். அந்தத் துணிச்சல் என்னுடையதல்ல, அவர் எனக்கு விட்டுப்போனது.

ஒருவரும் கை நீட்டவில்லை.